எழுந்து போகாத செல்

என் கோபக்காரி மகளே,

உன் குழந்தை எலோயிசா பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் நம் குடும்பக் கோளாறு தெரிந்த நாளிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. அதை நான் கடையில் பார்த்து வாங்கித் தரவில்லையடி, எனக்கும் யாரோ கொடுத்ததுதான்.

நேற்று டாக்டர் ஜுசாராவிடம், "நான் மூணாங்கிளாஸ், எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றேன்.

"எல்லாரும் உக்காந்து ஒரே குடுவையை மாத்தி மாத்தி வாங்கி மாத்தே டீ குடிக்கிறோம். போதும்னா என்ன செய்வீங்க?"

"நன்றின்னு சொல்லிக் குடுவையைத் தந்துட்டு எழுந்துருவேன்."

"கெட்டுப்போன செல்லையும் ஒரு மரபணு அப்படித்தான் எழுப்பிவிடும். செல் தானாவே செத்துப்போகும். உங்க வீட்டுல அந்த மரபணு மந்தம்."

"அப்ப அந்தச் செல்லு எங்க நாத்தனார் லூர்தெஸ் மாதிரி! அடுப்பை அணைச்சாலும் எழுந்துக்க மாட்டா."

டாக்டர் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுந்து போகாத செல்தான் கட்டியாகுது. பாப்பாவுக்கு வரும்னு இல்ல. வந்தாலும் சின்னதா இருக்கறப்பவே எடுத்துடலாம். வயித்து ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் எனக்கு என்ன வேலை என்று கேட்பாய். எனக்கும் கட்டி வந்துவிட்டது, திங்கட்கிழமை என் இடது மார்பை எடுக்கிறார்கள். லூர்தெஸ் அழுகிறாள், "இனி சட்டைத் துணி மிச்சம்" என்று சொல்லி அவளை அடக்கினேன்.

அன்றைக்கே குழந்தையைக் கொண்டு வா. ஸ்கேன் கீழ்த்தளத்தில், நான் இருப்பது மாடியில். என்னைப் பார்க்க வேண்டாமென்றால் படியேறாதே. ஸ்கேனுக்கு மட்டும் வந்துவிடு, கண்ணே.

மாடியில் படுத்திருக்கும்
உன் அம்மா