அம்மோனியாவின் அம்புக்குறிகள்

ஆகஸ்ட் 11, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். மாலையில் சிட்லபாக்கம் ஏரிப் பக்கமிருந்து சிறிது காற்று, மழை இல்லை. அலுவலகத்திற்கு விடுப்பு நீட்டிப்பு மனு அனுப்பியாயிற்று.

மனைவி மாலதிக்குப் பக்கவாதம் வந்து இது ஐந்தாம் மாதம். நடை திரும்பிவிட்டது. வலக்கையும் பேச்சும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வியாழனன்று அவளுடைய பள்ளியின் தலைமை ஆசிரியை (இனி த.ஆ.) வீட்டிற்கு வருகிறார். "சும்மா பார்க்கத்தான்" என்றார். அவளால் மீண்டும் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்க முடியுமா என்று பார்க்கத்தான். மாலதிக்கும் அது தெரியும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க இரும்புலியூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் பெண் சொன்னது: "அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சப்ஜெக்ட்டையே பேசுங்க சார். ஆனா வார்த்தைய நீங்க எடுத்துக் குடுக்கவே கூடாது. அவங்களே தேடணும், ஓகேவா?"

தெளிவான விதி. கடைப்பிடிப்பேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
பால். ரத்த அழுத்த மாத்திரை. குளியலறைக்கு பல்பு.

அவளுடைய பாடப்புத்தகத்தை எடுத்தேன். வேதிப்பிணைப்பு. நான் தணிக்கைத் துறை. எனக்கு வேதியியல் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்தது. அம்மோனியா, நைட்ரஜன் டிரைஃபுளோரைடு. இரண்டுக்கும் ஒரே பிரமிடு வடிவம். எதற்கு இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாயும் அளவு, அதிகம்? விடையைப் பாராமல் நானே சொன்னேன்: ஃபுளோரின் எலக்ட்ரான்களை வலுவாக இழுக்கும், ஆகவே ஃபுளோரைடுக்கே அதிகம்.

மேசையில் ஓங்கித் தட்டினாள். "இ... இல்ல. இல்ல!"

இடக்கையால் பென்சிலை எடுத்தாள். கோணலாக இரண்டு பிரமிடுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் நைட்ரஜன், அதன் தலைமேல் இரண்டு புள்ளிகள்: பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டை. அம்மோனியாவில் அம்புகள் எல்லாம் மேல்நோக்கி. மற்றதில் புள்ளிகளின் அம்பு மேலே, ஃபுளோரின் இழுக்கும் அம்புகள் கீழே. ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, மிச்சம் சொற்பம். ஆகவே அம்மோனியாவுக்கே அதிகம்.

"தப்பு. உங்க... தப்பு."

வகுப்பறைக் கோபம். இந்த ஐந்து மாதத்தில் நான் கண்ட மிக அழகான முகம்.

வாசலில் மீன் விற்கும் அஞ்சலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "இன்னா சார், டீச்சரம்மா உன்னிய பெஞ்சு மேல ஏத்திட்டாங்களா? நல்லா வேணும். சங்கரா கீது, எடுத்துக்கோ." மாலதி வாய்விட்டுச் சிரித்தாள். சங்கரா வாங்கினேன்.

ஆகஸ்ட் 13, புதன்
விடியற்காலையில் மழை. துணி நனைந்தது.

இன்று சேர்மங்களைத் தூய்மையாக்கல். வடிகட்டுதல்: உடனே வந்தது. படிகமாக்கல்: பல முயற்சிக்குப் பின் வந்தது. பதங்கமாதல்: வரவில்லை. கற்பூரத்தைக் காட்டினேன். திண்மம் நேராக ஆவியாவதை விரல்களால் அழகாகச் செய்து காட்டினாள். சொல் மட்டும் இல்லை. "ப... ப..." கண்ணில் நீர். என் வாயில் அந்தச் சொல் முழுதாக இருந்தது. விழுங்கினேன்.

அவள் சைகையில் சொன்னபடி வெந்நீரில் படிகாரம் கரைத்து, சூடாகவே வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் வைத்திருக்கிறோம். எட்டிப் பார்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். ஆறும்போது அசைக்கக் கூடாதாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்
காலையிலேயே பச்சைக் காட்டன் சேலை கேட்டாள். கொசுவத்தை நான் தப்பாக மடித்தேன், மறுபடி மடித்தேன்.

த.ஆ. சாத்துக்குடியோடு வந்தார். "எப்படி இருக்கீங்க மேடம்? பசங்க தினமும் கேட்டுட்டே இருக்காங்க."

"நல்லா... இருக்கேன்."

த.ஆ. டம்ளரைப் பார்த்தார். "இங்கயும் லேப் வச்சிட்டீங்களா! என்ன எக்ஸ்பெரிமென்ட் இது?"

"ப... படி..."

மாலதி என்னைப் பார்த்தாள். படிகமாக்கல். நேற்று வந்த சொல். "ப..." மறுபடி என்னைப் பார்த்தாள். தேடும் பார்வை அல்ல. இந்த ஒருமுறை மட்டும் என்று கேட்கும் பார்வை. நான் தரையைப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

"பரவால்ல மேடம், ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க."

கேட்டருகே என்னிடம், தணிந்த குரலில்: "டெம்பரரியா ஒரு பொண்ணப் போட்டிருக்கோம் சார். இந்த வருஷம் அவங்களே எடுக்கட்டும். மேடம் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்."

ஜன்னலுக்குப் பின்னால் பச்சைச் சேலை. கேட்டிருப்பாள்.

பயிற்சிப் பெண்ணுக்குத் தொலைபேசினேன். "ஐயோ சார், அது பிராக்டிஸ் டைம்ல மட்டும்தான். வெளியாளுங்க முன்னாடி நீங்க ஹெல்ப் பண்ணிருக்கலாமே."

விதிவிலக்கை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி
எங்கோ ஒரு பள்ளியில் கொடியேற்றம், ஒலிபெருக்கி. மாலதி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

டம்ளரில் படிகங்கள் நன்றாக விளைந்திருக்கின்றன. விளிம்புகள் கூர்மை, கலங்கல் இல்லை. கொண்டுபோய்க் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அஞ்சலை: "டீச்சரம்மா மூஞ்சி ஏன் இப்டி கீது? நீ எதுனா சொன்னியா சார்?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். உண்மை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
மேகமூட்டம். மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும்.

புத்தகத்தைத் திறந்தேன். அதே பக்கம், அவளுடைய கோணல் பிரமிடுகள். பென்சிலைச் சீவி இடக்கையருகே வைத்தேன். வேண்டுமென்றே, அதே தப்பை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: ஃபுளோரின் வலுவாக இழுக்கும், ஆகவே ஃபுளோரைடுக்கே அதிகம்.

காத்திருந்தேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

திக்கவில்லை. தெளிவாக வந்தது.