பச்சை வயர்

ஜூலை 25, 1978. செவ்வாய்

மத்தியானம் மழை. ஜெலாப்பாங் தொழிற்சாலையிலிருந்து நனைந்துகொண்டே வந்தேன். கிட்டாரை எடுத்தால் ஆம்ப் பெட்டியில் அதே இரைச்சல். கம்பி புதுசு, கேபிள் புதுசு. டோன் குமிழைத் திருகித் திருகி விரல் வலி. குறைத்தால் சத்தம் செத்துப்போகிறது, கூட்டினால் இரைச்சல் முந்திக்கொள்கிறது. ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயிலில் கச்சேரி. பத்துப் பன்னிரண்டு நாள்தான். எங்கள் புந்தோங் ஊரே கேட்கும், மானம் போகும்.

சரசு அடுப்படியிலிருந்து: “எந்தம்பி மணியம் நல்லாத்தான் பாடுறான். ஒங்க பெட்டிதான் மாடு மாதிரி கத்துது.”

ஜூலை 29. சனி

ஆம்ப்பின் பிளக்கைத் திறந்து பச்சை வயரை வெட்டி டேப் சுற்றினேன். பேண்ட்காரர்கள் பாதிப் பேர் செய்கிற வேலைதான். இரைச்சல் பட்டென்று நின்றது. அப்புறம் வந்த சத்தம்! ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, மணி மாதிரி. இத்தனை வருஷமாக இதைத்தான் தேடினேன். சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

மணியம் வந்தான். என் பழைய கிட்டார் அவனிடம். இரண்டும் ஒரே ஆம்ப்பில். பாடும்போது, “மைக்கு லேசாக் கடிக்குது மச்சான்.”

“பழகிரும் லா” என்றேன்.

ஆகஸ்ட் 6. ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

சாயங்காலக் கச்சேரி. மழை விட்டு மேடையெல்லாம் ஈரம். கோயில் வளாகம், எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். எனக்குக் காலில் மெஷின் வெட்டிய புண். ஆம்ப்புக்குப் பின்னால் ரப்பர் சிலிப்பரோடு நின்றேன், யாரும் பார்க்கவில்லை. மணியம் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு மைக்கிடம் போனான். மூன்றாவது பாட்டு. வாய் மைக்கில் பட்டதும் கரண்ட் பிடித்துக்கொண்டது. இடது கை கிட்டார் கம்பியை விடவே இல்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

உயிர் இருக்கிறது. உதடு வெந்திருக்கிறது. மூன்று விரல் இனி மடங்காது என்கிறார் டாக்டர்.

கசிகிற கரண்டை மண்ணுக்கு அனுப்புகிற வயர் அது. அதைத்தான் வெட்டினேன்.

ஆகஸ்ட் 9. புதன்

ஆஸ்பத்திரி. ஆரஞ்சு, பிஸ்கட், துவைத்த சாரோங். கோயில் கமிட்டி அண்ணே ஒருத்தர் வராந்தாவில்: “ஆத்தா கோவம் லா. சுத்தபத்தமா இருந்திருக்கணும்.”

மணியத்துக்கும் கேட்டிருக்கிறது. சுவரைப் பார்த்தபடி, “வெள்ளிக்கெழம ஆட்டுக்கறி தின்னுட்டேன்க்கா” என்றான். சரசு அழுதாள். மொட்டை போடுகிறானாம். கை சரியானாலும் கிட்டாரைத் தொட மாட்டானாம்.

ஆத்தாவுக்குக் கோபம் என்றால் செருப்போடு நின்றவனை அல்லவா பிடித்திருக்க வேண்டும்? வாயைத் திறக்கவில்லை நான். கோழை.

ஆகஸ்ட் 12. சனி

புண் ஆறிவிட்டது, என் காலில். வேலைக்கு லீவு. பச்சை வயரைத் திரும்ப மாட்டினேன். இரைச்சல் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 13. ஞாயிறு

நல்ல வெயில். காலையில் மணியத்தை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சொல்லிவிட்டேன். வயரை வெட்டியது நான், கறியும் இல்லை ஆத்தாவும் இல்லை என்று. தண்ணீர் கொண்டுவந்த சரசு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மணியம் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான்.

“அன்னிக்குச் சத்தம் எப்படி மச்சான் இருந்துச்சு? எனக்கு ஞாபகமே வரல.”

“நல்லா இருந்துச்சு” என்றேன்.