இடுப்புக் கயிற்றின் மறுமுனை

எலப்புள்ளி,
ஐப்பசி, 1934

சிரஞ்சீவி ரத்தினசாமிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், அடுத்த வரியிலேயே ராத்திரியில் சின்ன வள்ளத்தில் மீன் பிடிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சிரமமாக இருக்கிறது.

தூத்துக்குடிக்கு உப்புக் கம்பெனி ஆபீஸ் வேலைக்குப் போனவனுக்குக் கடலில் என்ன வேலை என்று உன் அப்பாவிடம் கேட்டேன். வயசுப் பையன், நாலு மீனு புடிச்சுட்டுப் போறான், நீ ஏனம்மிணி ரோசனை பண்ணிட்டே இருக்கறே என்றார். உன் கடிதத்தில் அவருக்கு மிகவும் பிடித்த இடம், தூங்கி விழுந்துவிடாமல் இருக்க நங்கூரக் கயிற்றின் மிச்ச முனையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன், நம் கிணற்றில் தூர் வார இறங்கும்போது கட்டுவதுபோல, ஆகவே பயப்பட வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததுதான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். அன்று எனக்கும் நிம்மதியாகவே இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சுருக்கென்றது. கிணற்றில் இறங்குகிறவனுடைய கயிற்றின் மறுமுனையை மேலே ஆட்கள் பிடித்திருப்பார்கள். உன் கயிற்றின் மறுமுனையில் இருப்பது நங்கூரக் கல். வள்ளம் கவிழ்ந்தால் அது உன்னை மேலே தூக்காது. அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

விழுந்தால் அவிழ்த்துக்கொள்வேன் என்பாய். யார் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கன்றுக்குட்டிகளைப் பார்த்துக்கொள்கிற மயிலாத்தாளை மேலே நிறுத்திவிட்டு, தேங்காய்நார்க் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் இறங்கினேன். ஏனுங் டீச்சரம்மா, பி.ஏ. படிச்சும் கெணத்துல உளுந்துதான் பாக்கோணுங்களா, ஆராச்சும் பாத்தா ஊட்டுக்காரரோட சண்டைன்னு பேசிப் போடுவாங்க என்று அவள் புலம்பிக்கொண்டே இருந்தாள். அவளை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்த கயிறு இறுகி மரக்கட்டைபோல் ஆகிவிட்டது. படியில் காலூன்றி நின்றும் முடியவில்லை, நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அவள் இறங்கி வந்து அரிவாளால் அறுத்தாள். நான் நின்றது படியில், பட்டப்பகலில், கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கிற இடத்தில். கடலில் உனக்கு இவற்றில் ஒன்றுகூட இருக்காது.

சுரைக்குடுக்கையையும் சோதித்தேன். சின்ன வயதில் உன் முதுகில் கட்டி நீச்சல் விட்டது ஒன்றுதான். பெரியவர்களுக்கு அது போதாது, மூக்குவரை தண்ணீர் வருகிறது. இரண்டு கட்டினால் தலை மேலே நிற்கிறது. இரண்டை வாய் அடைத்து, மெழுகு பூசி, ஒரு பெட்டியில் வைத்து ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வள்ளத்தில் ஏறுமுன் அக்குளுக்குக் கீழே கட்டிக்கொள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கவிழ்ந்தால் கரையைத் தேடி நீந்தாதே, வள்ளத்தைப் பிடித்துக்கொண்டே இரு. நீ நீச்சல் படித்தது கிணற்றில். அங்கே நாலு கை போட்டால் சுவர் வரும், கடலில் வராது. உன் அத்தை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு திருநீறு கொடுத்தாள், அதையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அது மிதக்காது, குடுக்கை மிதக்கும். இரண்டும் உன்னிடம் இருக்கட்டும்.

வள்ளக்காரர் சூசையப்பன், மானம் சரியில்ல, திரும்பிருவோம் தம்பி என்றதற்கு, மேகத்தைக் கண்டால் உமக்கு வயிறு கலக்குமோ என்று நீ கேலி செய்ததாக எழுதியிருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் திரும்பலாம் என்றால் வாயைத் திறக்காமல் திரும்பு. ஆனால் அவரையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. நீ இடுப்பில் கட்டியிருப்பதை அவர் பார்த்தாரா, பார்த்தும் பேசாமல் இருந்தாரா, இருட்டில் தெரியவே இல்லையா? நீ எழுதவில்லை. கேட்டு எழுது. இது மழை மாதம். இங்கே வாளையாறு பக்கம் இடி இடித்தாலே உன் அப்பா இப்போது எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், கேட்டால் புழுக்கம் என்கிறார்.

போகவே கூடாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் போவாய், எனக்குச் சொல்லமாட்டாய், அவ்வளவுதான் நடக்கும். ஆகவே அது வேண்டாம். மயிலாத்தாள் அறுத்த கயிற்றில் அந்த முடிச்சு அப்படியே இருக்கிறது, பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். வாளித் தண்ணீரில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவிழ்த்துப் பார். மூச்சு விடுமுன் அவிழ்ந்துவிட்டால் இனி கடலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதமாட்டேன். அவிழாவிட்டால் உடனே ஒரு கார்டு போடு, இனி இடுப்பில் கயிறு கட்டுவதில்லை என்று மட்டும் எழுது, போதும்.

நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். என் ஆசீர்வாதம் கரையிலிருந்துதான் வரும், வள்ளத்தில் உன் கைதான் உனக்குத் துணை.

அன்புள்ள அம்மா,
ராசம்மாள்