பூஜை மாடத்தில் வைத்த பெட்டி

சித்திரை 20, ஞாயிறு

போன வாரம் என் மாடி அறையில் சூடு அளக்கும் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போன தரமணி காலேஜ் பெண் இன்று வந்து பார்த்தது. தினமும் சாயந்தரம் ஆறு மணிக்குச் சூடு குபீரென்று ஏறியிருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் அதை என் அறையிலுள்ள பூஜை மாடத்தில், சாயந்தரம் ஏற்றும் விளக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

மருமகள் கலா சிரித்தாள். "பாத்தீங்களா அத்தே, ரூம்ல ஒண்ணியும் இல்ல. உங்க வெளக்குதான் சூடு."

எனக்கு உயிரே போய்விட்டது. ராத்திரியெல்லாம் அறை கொதிக்கிறது என்று சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

அந்தப் பெண் விடவில்லை. "வெளக்கு ஒரு மணி நேரத்துல அணைஞ்சிடும்க்கா. ராத்திரி ரெண்டு மணிக்கும் முப்பத்தஞ்சு காட்டுதே! மொட்டைமாடி பகல்ல வாங்கின வெயில ராத்திரி பூரா கீழ எறக்குது. பாட்டி சொன்னது சரிதான்."

என் மகன் சேகர் தலையைச் சொறிந்தான். "மேல வெள்ளை பெயிண்ட் அடிச்சிடலாம்மா. அதுவரைக்கும் கீழ ஹால்ல படு."

ஆறு கோடையாக, "வயசானா ஒடம்பு அப்படித்தான் எரியும்" என்றே சொல்லிவந்தாள் கலா. முதல் தடவை சொன்னது அவள் தங்கை வளைகாப்பில், பந்தியில், எல்லார் எதிரிலும்.

இன்று அவளே என் பாயை உதறி ஹாலில் போட்டாள். காற்று ஜில்லென்று வருகிறது. மன்னிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.