அடுக்களை வாசலில் அம்மா

அக்டோபர் 9

இன்று முழுக்கக் கயிற்றில் கடல்பாசி நாற்றுக் கட்டினேன். வழக்கம்போல அம்மாவின் மேல் உட்கார்ந்துதான். கல்லறை அடுக்களை வாசலுக்கு நேரே இருப்பதால் மதியத்துக்கு மேல் கூரை நிழல் அதில் விழும். சிமெண்டு சில்லென்று இருக்கும். தலைமாட்டில் நெல்சி குதிரை ஓட்டினாள். அவள் பிறந்த வாரம் அம்மா போய்விட்டாள். தங்கைக்கு அம்மா என்றால் இந்தச் சிமெண்டு மேடைதான். சோளம் தின்னும்போது அதற்கும் ஒரு வாய் வைக்கிறாள். எறும்பு வருகிறது.

பக்கத்து வீட்டு யகோபா அத்தையும் எங்களோடு உட்கார்ந்து கட்டினார். காலையிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லையாம். "இந்த ஓர்பா வாயத் திறந்தா கடலே வத்திடும்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் உள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு நான் அம்மாவிடம் பேசுவது அத்தைக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 21

ஊர்த்தலைவர் வந்து கரையோர வீடுகளின் சுவரில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டார். மேற்குக் காற்று தொடங்குவதற்குள், சர்ச் மேட்டுக்குப் பின்னால் அரசாங்கம் கட்டியிருக்கும் வீடுகளுக்கு நாங்கள் போய்விட வேண்டும். "போன வருஷம் கடல் கிணத்தடி வரைக்கும் வந்துச்சு. இந்த வருஷம் சோறு கேட்டு அடுக்களைக்கே வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

பலகையைக் கழற்றலாம், தகரத்தைச் சுமக்கலாம். அம்மாவை?

அக்டோபர் 30

யகோபா அத்தை மேட்டு வீட்டு முற்றத்துக்கு மாற்றத் தன் மாமியாரைக் கல்லறையிலிருந்து எடுத்தார். செத்தவள் பெண் என்றால் அவள் உடன்பிறந்தவன் கைதான் முதல் மண்வெட்டி போட வேண்டும். மாமியாரின் தம்பிக்கு நடக்க முடியாது. பக்கத்து ஊரிலிருந்து நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கிழவர் மண்வெட்டியை ஒருமுறை மண்ணில் வைத்தார், அவ்வளவுதான். "எழுந்திரு அக்கா, வீடு மாத்துறோம்" என்றார். மீதியை ஆண்கள் தோண்டினார்கள்.

"உசுரோட இருந்தப்ப என் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்னு ஒரே அடம். இப்பப் பாரு, பேசாம வர்றா" என்றார் அத்தை. சொல்லிவிட்டு அழுதார்.

அம்மாவுக்கு உடன்பிறந்தவர் கெர்சோன் மாமா ஒருவர்தான். கடலட்டை எடுக்க ஆகஸ்டில் படகில் எங்கள் தீவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியா பக்கம் போனவர் இன்னும் திரும்பவில்லை.

நவம்பர் 6

சர்ச் மேட்டில் மட்டும்தான் போன் பிடிக்கும். அப்பா அங்கிருந்து இறங்கி வரும்போதே முகம் சரியில்லை. எல்லை தாண்டினார்கள் என்று மாமாவின் படகை ஆஸ்திரேலியாக்காரர்கள் பிடித்திருக்கிறார்கள். படகை எரித்துவிட்டார்கள். ஆட்கள் அங்கே சிறையில்.

உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நவம்பர் 7

எப்போது விடுவார்கள்? யாருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 28

மேட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். சுவர்களில் சுண்ணாம்பு வாசனை. எல்லா முற்றத்திலும் புது மண்மேடு இருக்கிறது. எங்கள் முற்றத்தில் அடுக்களை வாசலுக்கு நேரே ஓர் இடத்தை அப்பா கயிறு கட்டி விட்டிருக்கிறார். அதில் யாரும் நடக்கக் கூடாது.

கீழே வீட்டை முழுக்கப் பிரித்தவர் அடுக்களையை மட்டும் பிரிக்கவில்லை. அம்மாவுக்கு நிழல் வேண்டும் என்றா? நான் கேட்கவில்லை.

டிசம்பர் 15

இரண்டு நாளாகக் காற்று. அப்பா பவளக் கல்லும் மண் மூட்டையும் அம்மாவைச் சுற்றி அடுக்குகிறார். அலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போகிறது. நானும் சுமந்தேன். யகோபா அத்தையும் வந்தார்.

இன்று கேட்டுவிட்டேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்து கேட்டேன். "அப்பா, மாமா இல்லாமலே எடுத்தா என்ன?"

அப்பா மூட்டையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "பொறந்த வீட்டுக் கை படாம அவள நான் அசைச்சா, திருடிட்டுப் போற மாதிரி. அப்புறம் நெல்சிக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"கடல் மட்டும் கேட்டுட்டா எடுக்குது" என்று அத்தை முணுமுணுத்தார். அப்பா காதில் விழுந்திருக்கும். மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 24

மேட்டில் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி. நாங்கள் மட்டும் கீழே இறங்கினோம். எத்தனை முறை ஏற்றினாலும் அணைந்தது. "அம்மாதான் ஊதுறா" என்றாள் நெல்சி.

ஜனவரி 11

போயிட்டா.

விடியும்போது ஓடிப் போய்ப் பார்த்தோம். அடுக்களை இல்ல. மேடை இல்ல. மூட்டை ஒண்ணுகூட இல்ல. கெணத்து வளையம் மட்டும் தண்ணிக்கு மேல தெரியுது. அப்பா இடுப்பளவு தண்ணில நின்னு காலாலயே தடவித் தடவித் தேடுறார். அலை தள்ளுது, திரும்பவும் எழுந்து நிக்கிறார். வாங்கப்பான்னு நான் கத்தினேன். வரல.

கடைசில கையில ஒரு சிமெண்டுத் துண்டோட வந்தார்.

நான் கேட்டேனே. கேட்டேனே அப்பா.

ஜனவரி 12

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 19

பாசி கிடையாது, காற்று நிற்கிற வரை. காலையிலும் இரவிலும் பனம்பாகு கரைத்த தண்ணீர்தான் சாப்பாடு, மதியம் மட்டும் கொஞ்சம் சோளம். அப்பா முற்றத்துக் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. நெல்சி கையில் சோளத்தோடு அதன் பக்கத்தில் நின்று, "அக்கா, எங்க வைக்க?" என்கிறாள்.

யாரிடமும் பேசி நாளாகிவிட்டது. பகலில் பேசுவதில்லை, அது பழக்கம். இப்போது மற்ற நேரத்திலும் இல்லை.

ஏப்ரல் 3

மாமா வந்தார். கப்பலிலிருந்து இறங்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிவு. காலில் சிறையில் கொடுத்த சப்பாத்து. எங்கள் வழக்கப்படி என் மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம் சொன்னவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். நான் அம்மா ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள்.

வீட்டில் அப்பா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மாமாதான் பேசினார். "நான் இல்லாமத் தோண்டியிருக்கலாமே அத்தான். நான் கோவிச்சுக்குவேன்னா நெனச்சீங்க?"

"நீ கோவிக்க மாட்டே மச்சான்" என்றார் அப்பா. "அவ கோவிப்பா."

அந்தச் சிமெண்டுத் துண்டு நடுவில் இருந்தது. அதை முற்றத்தில் புதைக்கலாமா என்று ஊர்த்தலைவர் கேட்டார். அப்பா அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மாமா, அம்மா இருந்த எடம் எனக்குத் தெரியும்."

நான்தான் சொன்னேன். எல்லோரும் திரும்பினார்கள். யகோபா அத்தை, "போச்சு, இன்னிக்குக் கடல் வத்தப் போகுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அத்தையும்.

ஏப்ரல் 4

கடல் உள்வாங்கும் வற்று நேரத்தில் இறங்கினோம். கிணற்று வளையத்தில் கை வைத்துக் கண்ணை மூடினேன். கிணற்றிலிருந்து அடுக்களை வாசலுக்குத் பனையோலைப் பட்டையில் தண்ணீர் சுமந்து எத்தனை வருஷம் நடந்திருக்கிறேன். தண்ணீர் அலம்பிச் சிந்தாமல் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று காலுக்குத் தெரியும். நடந்தேன். நின்றேன். தண்ணீர் முழங்காலுக்கு.

மாமா மண்வெட்டி கொண்டுவரவில்லை. பாசிக் கயிறு கட்டுகிற முளை ஒன்று கொண்டுவந்திருந்தார். நான் நின்ற இடத்தில் ஊன்றி அடித்தார். அப்பா முளையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று நாற்காலியில் வந்த கிழவர் சொன்னதுபோல எழுந்திரு என்பாரோ என்று பயந்தேன். மாமா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "இருந்துக்கோ அக்கா. நாங்க வந்து போறோம்" என்றார்.

திரும்பி வந்ததும் அப்பா முற்றத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

மே 20

பாசி நன்றாகப் பிடித்திருக்கிறது. என் கயிறு மாமா அடித்த முளையிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தத் தலைப்பை எனக்கென்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இன்று வற்று நேரத்தில் யகோபா அத்தை அடுத்த கயிற்றிலிருந்து, "யார்கிட்டடி இவ்வளவு பேசுற?" என்று கேட்டார். நான் முளையைப் பார்த்தேன். அத்தையும் அதைப் பார்த்துவிட்டு, தன் கூடையை எடுத்துக்கொண்டு கயிற்றின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

நெல்சி முளையடியில் ஒரு வாய் சோளம் போட்டாள். மீன் வருகிறது.