அட்டைப்படத்துக்கு ஒரு ஓட்டு

ஜூலை 9

பள்ளி நூலகத்துக்கு இன்று இரண்டு நிறுவனத்தார் வந்து, கணினியில் புத்தகம் தேடும் புதிய முறைகளைக் காட்டினார்கள். மாணவர் பிரதிநிதியாக நானும் தேர்வுக் குழுவில். முதல் நிறுவனத்தின் திரையில் வெறும் எழுத்துதான்: தலைப்பு, ஆசிரியர், அலமாரி எண். இப்போது இருப்பதைப் போலவே. இரண்டாவதில் அட்டைப்படங்கள் கடைக் கண்ணாடிபோல் மின்னின. குழுவில் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். “நீ சொல்லும்மா, படிக்கப் போறது நீங்கதானே” என்றார் நூலகர். இரண்டாவது என்றேன். அழகான வாக்கியங்களில் காரணமும் சொன்னேன். விற்பனையாளர் கைதட்டினார்.

ஜூலை 10

என் வகுப்புத் தோழி வாலுவிடம் சொன்னேன். அவளுக்குக் கண்தான் தெரியாது. வாய் இரண்டு பேருக்கு உண்டு.

“கமிட்டி மேடம், இனிமே உங்ககிட்ட பேச அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா?” பிறகு கேட்டாள்: “அதுல என் பொம்பள பேசுவாளா?”

திரையை அவளுக்குக் காதில் வாசித்துச் சொல்லும் குரலைத்தான் அப்படிச் சொல்வாள். பிரெயில் புத்தகங்கள் உள்ளறையில் இருக்கின்றன. கணினியில் தேடிப் பதிந்தால்தான் எடுத்துத் தருவார்கள்.

“பேசாம எங்க போவா” என்றேன்.

நான் விசாரித்தேனா? இல்லை.

ஆகஸ்ட் 18

புதிய திரை வந்துவிட்டது. வாலு விசைகளைத் தட்டினாள். இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினாள். “படம். படம். படம்.” தலைப்பு, ஆசிரியர் எதையும் சொல்லவில்லை அந்தக் குரல்.

“நல்லா படம் காட்டுதுடி உன் சிஸ்டம்” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 20

நூலகர் நிறுவனத்தோடு பேசினாராம். “மூணு வருஷ ஒப்பந்தம்மா. அப்புறம் பாக்கலாம்ங்கறாங்க. நானாவது கேட்டிருக்கணும்.” என்னைத் திட்டியிருக்கலாம் அவர்.

ஆகஸ்ட் 27

வாலுவின் பக்கத்தில் உட்கார்ந்து தலைப்புகளை வாசித்துக் காட்டினேன். காதல் கதைகள் தேடச் சொன்னாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“வேணாம். அறிவியல் போடு.”

இத்தனை காலம் அவள் என்ன படித்தாள் என்று யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. அவளே தேடினாள், அவளே பதிந்தாள் — அதைப் போய் நான்...

செப்டம்பர் 2

படிக்கவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 15

நூலக நேரத்தில் வாலு வகுப்பிலேயே இருந்துவிட்டாள்.

“நீ போடி. வரும்போது எனக்கும் ஏதாவது எடுத்துட்டு வா.”

“என்ன புத்தகம்?”

“ஏதாவதுதான்.”

கணினி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எனக்குப் பிடித்த ஒன்றின் பிரெயில் பிரதியைப் பதிந்து வாங்கி வந்தேன்.

“தேங்க்ஸ்டி” என்றாள். பெயரை விரலால் தடவிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.