சோதிக்காமல் கொடுத்த இரத்தம்

என்ரை பவாக்குட்டி,

அப்பாவின் கூத்தைக் கேள். உன் ஆண்டுத் திவசத்துக்கு ஊர்காவற்றுறைப் பெடியள் வைத்த இரத்ததான முகாமில் நானும் கொடுத்தேன். பிறகு யாழ்ப்பாண இரத்தவங்கிக்கு வரச்சொல்லிப் போன் வந்தது. பாராட்டுப் பத்திரம் தரப்போகிறார்களாக்கும் என்று, உன் கலியாணத்துக்குத் தைத்த சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, கசங்கிவிடும் என்று பஸ்ஸில் இருக்காமல் நின்றே போனேன்.

டொக்டர் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். கதவைச் சாத்திவிட்டுக் கதிரையைக் காட்டினா. பத்திரம் தந்து படம் எடுக்கமாட்டார்கள் என்று அப்பவே விளங்கிவிட்டது.

"ஐயா, நாங்கள் எல்லாற்றை இரத்தத்தையும் சோதிச்சுத்தான் ஏத்துறனாங்கள். உங்கடையிலை ஈரலைப் பழுதாக்கிற கிருமி ஒண்டு இருக்கு. ஒருத்தருக்கும் ஏத்தேல்லை, பயப்பிடாதேங்கோ."

கிருமியின் பேரையும் சொன்னா. உன்னைக் கொண்டுபோன ஈரல் வருத்தத்துக்குக் கனடாவிலிருந்து மருமகன் சொன்ன அதே பேர்.

பவா, நெடுந்தீவில் கல்மதிலிலிருந்து விழுந்து உனக்கு இரத்தம் ஓடினது ஞாபகம் இருக்காது. நாலு வயது. சண்டைக்காலம். ஆஸ்பத்திரியில் இரத்த வகையை மட்டும்தான் பார்த்தார்கள். கிருமி சோதிக்க ஒன்றும் வந்துசேரவில்லை. மாமா முதலே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பெத்தவன் நிக்கேக்கை நீர் ஏன் மச்சான்? என்ரை பிள்ளைக்கு என்ரை இரத்தம்தான் ஒத்துக்கொள்ளும்," என்று அவரைத் தள்ளிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவனின் விஞ்ஞானம். மாமா இன்றைக்கும் ஒரு நோயுமில்லாமல் வலை இழுக்கிறார்.

பிறகு நீ சோதனை பாஸ் பண்ணினாலும், எதிர்த்து வாய் காட்டினாலும், "ஓடுறது என்ரை இரத்தமெல்லோ" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் கிருமி அப்பவே எனக்குள் இருந்ததா? பிறகு வந்ததா? இதை நான் யாரைக் கேட்பது, பிள்ளை? விடியுது, பொழுது படுது, எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை.

கொம்மாவையும் தம்பியையும் வாற கிழமை சோதிக்கக் கூட்டிக்கொண்டு போவேன். இது உனக்குத் தாற வாக்கு. கொம்மாவுக்கு எந்த வாயால் சொல்லுவேன் என்றுதான் தெரியவில்லை.

"முந்தி ஆருக்கும் இரத்தம் குடுத்தனீங்களோ ஐயா?" என்று அன்றைக்கு டொக்டர் கேட்டா.

"ஓம். சண்டைக்காலத்திலை, ஒரு பிள்ளைக்கு."

"அதாலை தொத்தியிருக்கும் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. எண்டாலும் அந்தப் பிள்ளையை ஒருக்கா வந்து சோதிக்கச் சொல்லுங்கோ. நேரத்தோடை கண்டுபிடிச்சால் மருந்து இருக்கு."

"சொல்லுறன்," என்றேன்.

அந்தப் பிள்ளை நீ என்றும், நீ போய் ஒரு வருசமாகிவிட்டது என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன்னைப் பெற்ற,
அப்பா